மடியிற் கனம்

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். துறைமுகப் பக்கத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்பவர். கப்பம் கேட்டுத் தொலைபேசியில் மிரட்டல் வருகிறதாம். “ஐயா, தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறேன். வெளியே தெரியாமல் எந்நேரமும் வைத்திருக்க எவ்வகை நல்லது?” என்று வினவினார். வரலாறு கற்பிப்பவனிடம் கேட்கும் வினாவன்று. எனினும், மாணவன் கேட்டால் ஆசிரியன் படித்தாவது விடை சொல்ல வேண்டுமன்றோ?

முதலிற் சட்டம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கைத்துப்பாக்கிக்குப் பாதுகாப்பு அமைச்சின் இசைவு தேவை. அவ்வமைச்சே, தற்காப்புக்கென வழங்கிய சுடுகலன்களை மீளாய்வுக்காகத் திரும்ப ஒப்படைக்கும்படி 2024ஆம் ஆண்டின் இறுதியிற் பணித்தது.

இனிக் கருவி. சுழல் துப்பாக்கியில் ஐந்தாறு ரவைகள் இருக்கும், இயக்குவது எளிது, ஆயின் அதன் உருளை இடுப்பிற் புடைத்து நிற்கும். தானியங்கிக் கைத்துப்பாக்கி தட்டையானது, மறைக்க வசதி. ஆயின் ரவைக்கூட்டைக் கழற்றிய பின்னும் உள்ளே ஒரு ரவை தங்கியிருக்கலாம். வெறுந் துப்பாக்கியென்று நம்பி விசையை இழுத்து உயிர் போன வீடுகள் உலகெங்கும் உண்டு. கருவி சிறுத்து இலேசாக ஆக, உதைப்பு மிகும், குறி தவறும். நம்மூர் வெயிலில் மெல்லிய சட்டைக்குள் எதைத்தான் மறைப்பது? வியர்வையும் கடற்காற்றின் உப்பும் இரும்பை அரிக்காதபடி அடிக்கடி துடைக்கவும் வேண்டும். இரவிலோ, பிள்ளைகள் கைக்கு எட்டாமலும் தன் கைக்கு உடனே எட்டும்படியும் வைக்க இடம் எங்கே?

இவ்வளவும் சொன்ன பின்னர், எனக்குத் தெரிந்த வரலாற்றுக்கு வந்தேன். மறைத்த ஆயுதம் பெரிதும் உதவுவது தாக்குபவனுக்கே. வேளையைத் தெரிபவன் அவனன்றோ? பகைவன் கூப்பிய கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என வள்ளுவர் எச்சரித்தார். 1948 சனவரி 30இல் காந்தியடிகளை வணங்கி நின்றவனிடம் இருந்தது, ஏழு ரவை கொள்ளும் சிறிய இத்தாலியப் பெரெற்றா. 1959 செப்டெம்பர் 25இல் பிரதமர் பண்டாரநாயக்கா தம் இல்லத்தில் ஒரு பிக்குவை வணங்கினார். தல்துவே சோமாராம என்ற அப்பிக்குவின் காவியுடைக்குள் சுழல் துப்பாக்கி இருந்தது. ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் அங்கே இருந்தார், அவரும் சுட்டார், ஆனாற் பிந்தியே சுட்டார்.

மாணவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “ஐயா, கடற்கரையில் மாண்ட அந்த ஐவரிடம் ஒன்று இருந்திருந்தால்?” என்றார்.

திருகோணமலையில் இவ்வினாவை இலேசாக ஒதுக்கிவிட எவருக்கும் உரிமையில்லை. 2006 சனவரி 2ஆம் நாள் காந்தி சிலையருகே கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். தாம் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் என முதலிற் கூறப்பட்டது. பிரேத பரிசோதனையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டியது. 2019இல் சந்தேக நபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டனர்.

“தம்பி, அவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை. வெறுங்கையோடு இருந்தார்கள் என்ற உண்மை ஒன்றே அவர்களுக்கு எஞ்சியது. ஒருவனின் மடியில் துப்பாக்கி இருந்திருந்தால், அந்தப் பொய்க்கு அதுவே சாட்சியாகியிருக்கும்” என்றேன்.

மறுநாட் காலை இருவருமாகப் பொலிஸ் நிலையம் சென்று, மிரட்டல் வந்த தொலைபேசி எண்களைக் கொடுத்து முறைப்பாடு செய்தோம். கடை வாசலிற் கண்காணிப்புக் கமராவும் பொருத்தியாயிற்று. அச்சம் அடியோடு தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். ஆயினும், விண்ணப்பப் படிவம் இன்னும் நிரப்பப்படாமலே அவர் மேசையிற் கிடக்கிறது.

மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம் என்பர் பெரியோர். வழியிற் பயமென்று மடியிற் கனத்தை ஏற்றிக்கொள்ளலாமா?