பாலாறும் பாடவேளையும்

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் பணித்தது. பாடம் வந்தது, தேர்வும் வந்தது. பாலாற்றங்கரை மாணாக்கர் ஓசோன் படலம் பற்றி அழகுற எழுதுகின்றனர். தம் ஊர்க் கிணற்று நீர் ஏன் கரிக்கிறது என வினவினால் விழிக்கின்றனர்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தமை அந்நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. இதனை வகுப்பில் கூற ஆசிரியர் தயங்குவதேன்? நம் கல்விக்கூடங்கள் சிலவற்றை எழுப்பிய கொடையும், மாணாக்கர் பலர் வீட்டு உணவும் அத்தொழில் தந்தவை. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் அந்நன்றி ஆசிரியரின் வாயை அடைத்தலாகாது. நாளை அத்தொழிலை நடத்தவிருப்பவனும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறான். ஒரு பாடவேளையையேனும் அவனோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடத்துங்கள். குரோமியம் என்னும் சொல்லை அங்கே அவன் தன் ஆசிரியரிடம் கேட்டறியட்டும்.