காணி வாங்குமுன் கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தின் பலாலி வீதியில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் திருநெல்வேலியும் கோண்டாவிலும். இரண்டும் நல்லூர்ப் பிரதேச சபைக்கு உட்பட்டவை. வீடு கட்டக் காணி தேடும் உள்ளூர்க் குடும்பங்களும் கனடாவிலும் சுவிஸிலும் இருந்து பணம் அனுப்பும் உறவுகளும் ‘பரப்பு என்ன விலை?’ என்றே விசாரிக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

திருநெல்வேலியின் பலம் பல்கலைக்கழகம். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கிய வளாகம் இன்று தீவெங்குமிருந்து மாணவரை வரவழைக்கிறது. சந்தையும் காலடியில். அறை வாடகையை நம்பி முதலிடுவோருக்கு இதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. ஆனால், அந்த வருமானம் வளாகத்தின் கதவு திறந்திருக்கும்வரைதான் என்பதை 2020இன் கொரோனா முடக்கம் காட்டியது.

கோண்டாவிலில் செம்மண் தோட்டங்களும் அகன்ற வளவுகளும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் புகையிரத நிலையம் திரும்பக் கிடைத்தது. பிள்ளைகள் ஓடி விளையாட முற்றம் வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும்.

இனி அந்தக் கேள்வி: தண்ணீர் எப்படி? நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்புகளூடாக அழுக்கு விரைவில் இறங்கிவிடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். ஒரு பரப்பு பத்துப் பேர்ச்; சதுரமாக இருந்தால் பக்கம் 52 அடி. அதற்குள் கிணறு, குழி, வீடு மூன்றையும் எங்கே வைப்பது? தப்பித் தவறி வைத்தாலும் மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி நம் கிணற்றை ஒட்டியிருக்கும். திருநெல்வேலியில் துண்டு துண்டாய்ப் போன காணிகளின் சிக்கல் இதுதான். கோண்டாவிலும் தப்பவில்லை; தோட்டத்துக்கு இட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தாலும் அது போகாது. 2024இல் தாழையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் குடிநீர்ச் சுமையைக் குறைக்கும். குளிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான் கதி.

உறுதியையும் கவனியுங்கள். முதிசக் காணியில் பிரிக்கப்படாத பங்கை வாங்கினால், தேசவழமைப்படி பங்காளிக்கே கொள்வனவில் முன்னுரிமை. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பெயருக்குக் காணியை விற்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக இடந்தராது. இரட்டைப் பிரசாவுரிமை வேண்டும்.

முதலீட்டாளருக்குத் திருநெல்வேலி, குழந்தைகளுள்ள குடும்பத்துக்குக் கோண்டாவில், அதுவும் இரண்டு பரப்புக்குக் குறையாமல், கிணற்று நீரைப் பரிசோதித்த பிறகு. இதுவே என் முடிவு. கோண்டாவிலையும் ஒரு பரப்புத் துண்டுகளாக வெட்டிவிட்டால் இந்தத் தெரிவும் பறிபோகும். கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன் அயல்வீட்டுக் குழிகளையும் அதில் குறிக்கும்படி பிரதேச சபை கட்டாயப்படுத்த வேண்டும். தண்ணீர் கெட்ட பின் காணி விலை எவ்வளவு ஏறினாலும் அது நட்டமே.