எல்லையை முடிவு செய்யுங்கள், அமைச்சர் அவர்களே

மாண்புமிகு ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

அசாம்–மிசோரம் எல்லைத் தகராறு பற்றித் தங்கள் அமைச்சகத்தில் கோப்புகளுக்குப் பஞ்சம் இருக்காது. சட்டம் தங்களுக்குத் தெரியும். அதை நான் ஒப்பிக்கப் போவதில்லை. அந்த மண்ணின் மக்கள் மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டார்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன். ஒரே ஒரு நாளை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன்: 2021 ஜூலை 26.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஷில்லாங்கில் வடகிழக்கு முதல்வர்களைத் தாங்கள் சந்தித்தீர்கள். எல்லைச் சிக்கல்களும் அங்கே பேசப்பட்டன. அந்தப் பேச்சின் ஈரம் காய்வதற்குள், லைலாபூருக்கும் வைரெங்டேவுக்கும் நடுவே 306-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அசாம் போலீஸும் மிசோரம் போலீஸும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அசாம் போலீஸார் 6 பேர் செத்தார்கள். கச்சார் மாவட்ட எஸ்.பி.யின் காலில் குண்டு பாய்ந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதே இடத்தில் காவலுக்கு இருந்தது. இரண்டு முதல்வர்களும் மோதல் வீடியோக்களை ட்விட்டரில் போட்டு, தலையிடும்படி உங்களைக் கேட்டார்கள். அவர்கள் அன்று கூப்பிடுவதற்கு உங்களைத் தவிர யார் இருந்தார்கள்?

இது பாகிஸ்தான் எல்லையில் நடக்கவில்லை, சீன எல்லையிலும் நடக்கவில்லை. சுட்டவனும் செத்தவனும் ஒரே அரசமைப்பின் மீது உறுதிமொழி எடுத்த போலீஸ்காரர்கள்.

சண்டை இரண்டு கோடுகளைப் பற்றியது. 1875-இல் ஆங்கிலேய அரசு அறிவித்த கோடுதான் எங்கள் எல்லை என்கிறது மிசோரம். அந்தக் கோட்டுக்குள் வரும் 509 சதுர மைல் காட்டுக்கு உரிமை கோருகிறது. 1933-இல் வரைந்த கோடுதான் செல்லும் என்கிறது அசாம். அதை வரையும்போது எங்கள் தலைவர்களை யாரும் கேட்கவில்லை என்கிறார்கள் மிசோ மக்கள். இன்றைய மிசோரம், லுஷாய் மலை என்ற பெயரில் அசாமின் ஒரு மாவட்டமாக இருந்தவரை இது மாநில எல்லையாக இல்லை. 1972-இல் அதை ஒன்றியப் பகுதியாகப் பிரித்ததும், 1987-இல் மாநிலமாக்கியதும் டெல்லி. பிரித்துக் கொடுத்தவர்கள் வேலியை மட்டும் சண்டைக்கு விட்டுவிட்டார்கள்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு என்ன நடந்தது? அசாம் பக்கத்தில் லாரிகள் நின்றன. அரிசியும் பெட்ரோலும் மிசோரத்துக்குப் போகும் முக்கியச் சாலை அது. கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரத்தில் மருந்துப் பொருள்களும் சிக்கிக்கொண்டன. அசாம் முதல்வர் மீது மிசோரம் போலீஸ் வழக்குப் போட்டது. மிசோரம் எம்.பி.க்கு அசாம் போலீஸ் சம்மன் அனுப்பியது. சில நாள்களில் இரண்டும் கைவிடப்பட்டன. பெரிய மனிதர்கள் சமாதானமாகிவிட்டார்கள். செத்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு யார் சமாதானம் சொன்னீர்கள்?

ஆகஸ்ட் 5 அன்று ஐஸ்வாலில் இரு மாநிலங்களின் கூட்டறிக்கை வந்தது. அமைதி காப்போம், பேசித் தீர்ப்போம் என்றார்கள். இன்னும் தீரவில்லை. ஆனால் 2022-இல் அசாம்–மேகாலயா எல்லையில் தகராறிலிருந்த 12 இடங்களில் 6-க்கு உங்கள் முன்னிலையிலேயே ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023-இல் அசாமும் அருணாசலமும் தங்கள் எல்லை பற்றி உடன்பட்டன. ஆகவே முடியாது என்று சொல்லாதீர்கள். மனம் வைத்த இடத்தில் முடிந்திருக்கிறது. உயிர்கள் போன இந்த எல்லைக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்?

வழக்காடும் இருவரையே தீர்ப்பும் எழுதச் சொல்வது நியாயமா? இரு வரைபடங்களையும் மேசைமேல் விரியுங்கள். அந்தக் காட்டில் வாழை வைத்தவனையும் பாக்கு வைத்தவனையும் கூப்பிட்டுக் கேளுங்கள். நாள் குறித்து முடிவைச் சொல்லுங்கள். இன்னொரு போலீஸ்காரன் அந்தச் சாலையில் செத்தால், அந்தப் பழியை 1875-இன் மீதோ 1933-இன் மீதோ போட முடியாது. அது உங்களைத்தான் சேரும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்