பாரிசவாயுவும் வீட்டார் படும் பாடும்

பெங்களூர் நகரத்தின் பெரிய சாலைகளில் ஒன்று நமது ஹோசூரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மூளை, நரம்பு, மனம் ஆகியவற்றின் வியாதிகளுக்குத் தேசமெங்கும் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் அந்த ஹோசூர் ரோட்டில்தான் அமைந்திருக்கிறது. பழைய மனநோய் ஆஸ்பத்திரியும் அகில இந்திய மனநல நிலையமும் 1974-ம் வருஷத்தில் ஒன்று சேர்க்கப்பட்டு உருவான ஸ்தாபனம் அது. ஹோசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி முதலிய இடங்களிலிருந்து நோயாளியை வண்டியில் கிடத்திக்கொண்டு, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்கு ஓடும் குடும்பங்களை நாம் அறிவோம். போகும்போது உறவினர் பத்துப் பேர் கூட இருப்பார்கள். திரும்பி வரும்போது இருப்பவர்கள் மனைவியும், ஒரு மகனோ மகளோ மட்டுமே. உயிர் பிழைத்தவர் வீடு வந்து சேர்ந்த பிறகு ஆரம்பமாகும் இரண்டாவது போராட்டத்தைக் குறித்தே இன்று எழுத முன்வந்தோம்.

நம் முன்னோர் பாரிசவாயு என்றனர். இக்காலத்தார் பக்கவாதம் என்கின்றனர். பெயரில் வாயு இருப்பினும் காரணம் வாயுவன்று. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது இந்நோய். இரத்தக் கொதிப்பும், நீரிழிவும், புகையிலையும் இதற்கு வழி திறந்துவிடுகின்றன. அடைப்பினால் வந்ததாயின், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தில் புறாவின் இரத்தத்தைத் தேய்க்கச் சொல்லும் பெரியவர்கள் நம் கிராமங்களில் இன்னும் இல்லாமற் போகவில்லை. அவர்களிடம் நமக்கு விரோதமில்லை. கடிகாரத்தினிடம் அவர்களுக்குச் சிறிது மரியாதை வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

நமக்குப் பழக்கமான தொழிலாளி ஒருவர், சிப்காட் பேட்டையிலுள்ள ஒரு யந்திரசாலையில் லேத் வேலை பார்த்து வந்தவர். நாற்பது வயதைக் கடந்தவர். ஏறக்குறைய நம் வயது. வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளியில் கற்றது தமிழ், சந்தையில் கன்னடம், யந்திரத்தின் உறுப்புகளுக்கெல்லாம் இங்கிலீஷ். இந்த எல்லைப்புறத்தில் இது அதிசயமன்று. ஒருநாள் காலையில் அவருடைய வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் நின்றது. வீடு திரும்பிய முதல் மாதத்தில் ‘அது, அது’ என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. பார்க்க வந்தவர்கள், புத்தி கலங்கிவிட்டது என்று அவர் காதுபடவே பேசிப் போனார்கள். மனைவி மாத்திரம் ஒப்பவில்லை. கடன் கணக்கில் ஒரு தொகையைத் தாம் தவறாகச் சொன்னபோது, கணவர் தலையை அசைத்து மறுத்ததை அந்த அம்மாள் கண்டிருந்தார்.

அவர் கண்டது சாஸ்திரம் ஒப்பும் உண்மை. 1861-ம் வருஷம் பாரிஸ் நகரத்து வைத்தியர் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓசையைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாதிருந்த ஒரு நோயாளி இறந்தபின் அவர் மூளையைச் சோதித்து, இடப்பாகத்தின் முன்புறத்தில் ஓரிடம் கெட்டிருக்கக் கண்டார். வாக்கு அடைபட்டவர்களில் பலர் பிறர் சொல்வதை உணர்ந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது அதன்பின் நன்கு தெளிவாயிற்று. பேச்சு போனவரைப் பைத்தியக்காரர் போலவோ குழந்தை போலவோ நடத்துவது, வியாதி செய்த தீங்கைவிடப் பெரிய தீங்காகும்.

பல பாஷைகள் அறிந்தவருக்கு எந்தப் பாஷை முதலில் திரும்பும்? குழந்தைப் பருவத்தில் கற்றது என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. நோய் வருமுன் அதிகம் வழங்கியது என்றார் 1895-ல் பித்ர் என்ற மற்றொருவர். இரண்டு விதியும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. பலருக்கு எல்லாப் பாஷைகளும் ஒன்றாகவே மெல்ல மெல்லத் திரும்புகின்றன. நம் நண்பருக்கு முதலில் வந்தது ‘நீள்ளு’ என்ற தெலுங்குச் சொல். தண்ணீர் கேட்டார். அன்று அவ்வீட்டில் அடுப்பு மூட்ட மறந்தார்கள் என்று அவர் மகள் நம்மிடம் சொன்னாள். பாஷைப் பெருக்கம் நம் ஜில்லாவுக்கு ஒரு தொல்லை என்று கருதுவோருக்கு ஒரு செய்தி: ஹைதராபாத்தில் பக்கவாதம் கண்ட 608 பேரை டாக்டர் சுவர்ணா அல்லாடி முதலியோர் ஆராய்ந்து, 2016-ல் முடிவை வெளியிட்டனர். நோய்க்குப் பின் நினைவும் சிந்தனையும் பழுதின்றி இருந்தவர்கள், ஒரு பாஷை மட்டும் அறிந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை அறிந்தவர்களில் சுமார் 40 பேர். பேச்சிழப்பு வருவதை மட்டும் பாஷை ஞானம் தடுக்கவில்லை.

நம்பிக்கை வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. முதல் மூன்று மாதங்களில் தேறுதல் விரைவாயிருக்கும் என்பது மெய்யே. அதற்குப் பின் கதவு மூடிவிடுகிறது என்பது பொய். லூயி பாஸ்டர் தமது 45-ம் வயதில், 1868-ம் வருஷத்தில், பாரிசவாயுவால் வீழ்ந்தார். இடப்புறம் முற்றும் குணமாகவேயில்லை. வெறிநாய்க்கடிக்கு அவர் கண்ட தடுப்பு மருந்தை ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தியது 1885-ல், அஃதாவது நோய் கண்ட பதினேழு வருஷங்களுக்குப் பின். நமது குன்னூரில் அவர் பெயரால் நிலையம் விளங்குவதும் அந்தப் பதினேழு வருஷங்களின் பயனே.

ஆயினும், குடும்பத்தின் அன்பே போதும் என்று சொல்லிக் கைகழுவும் போக்கை நாம் கண்டிக்கிறோம். அன்பைச் சோதித்துப் பார்த்தாயிற்று. இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய பரிசோதனையொன்றின் முடிவு 2017-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. ஒரு பகுதியாருடைய வீட்டாருக்கு, நோயாளியைப் பயிற்றும் முறை கற்பிக்கப்பட்டது. மறுபகுதியாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தால், இறந்தவரும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவரும் இரு பகுதியிலும் நூற்றுக்கு 47 பேர். வேற்றுமையே இல்லை. இதைக் கண்டு வீட்டார் சோர்வது தவறு. முகம் பார்த்துப் பேசுவதும், சொல் வரும்வரை பொறுத்திருப்பதும், விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காமலிருப்பதும், மருந்து தவறாமல் பார்ப்பதும் அவர்களையன்றி யார் செய்வார்? பக்கவாதம் கண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவரைப் பிடிக்கும் மனச்சோர்வை முதலில் அறிகிறவர்களும் அவர்களே. ஆனால் பயிற்சி பெற்ற வைத்தியர் செய்ய வேண்டியதைச் சமையலறைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு மனைவி செய்து முடிப்பாள் என்று எதிர்பார்ப்பது சிக்கனமன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தலே.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூற மாட்டோம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கப்பட்டது நம் ஜில்லாவில், சூளகிரியை அடுத்த சாமனப்பள்ளியில். இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. உடற்பயிற்சி வைத்தியரும் வருகிறார். ஐக்கிய நாடுகளின் பரிசும் 2024-ல் கிடைத்தது. காலுக்குக் கிடைத்த இந்த மரியாதை நாவுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறோம். 2022-ல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி, தெலுங்கும் கன்னடமும் உருதுவும் அறிந்த பேச்சுப் பயிற்சியாளர்களைத் தயாரிக்கட்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவரிடம் தமிழ்ப் படங்களை மட்டும் காட்டிப் பெயர் கேட்டால், அவர் தோற்பது நோயினாலா பாஷையினாலா என்று யார் சொல்வது?

இனி வக்கீல் என்ற முறையில் ஒரு வார்த்தை. தொழிலாளர் அரசுக் காப்புறுதியில், ஒருபுறம் செயலற்றுப்போன தொழிலாளிக்கு நீடித்த நோய்க்கால உதவி உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதம், இரண்டு வருஷம் வரை நீட்டலாம். நல்ல விதி. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் தொடர்ச்சியான வேலை வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரே யந்திரத்தின் முன் ஆறு வருஷம் நின்றவனாயினும், ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதியவனாகப் பதியப்பட்டால், ‘தொடர்ச்சி’ என்ற ஒரு சொல் அவனுக்குப் பகையாகிறது. ஒப்பந்தக்காரர் பெயரைப் பாராமல், வேலை செய்த நாட்களையே எண்ண வேண்டும். அன்றியும், 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, வேலையிலிருக்கையில் ஊனமுற்றவரை நீக்கலாகாது, தகுந்த வேறு வேலை தர வேண்டும் என்கிறது. அந்தக் காப்பு சர்க்கார் ஸ்தாபனங்களோடு நின்றுவிட்டது. ஹோசூரில் உழைப்போரில் பெரும்பாலோர் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். நோயாளியைப் பராமரிக்கத் தையலாலை வேலையை விட்ட மனைவிக்கோ எந்தப் பிரிவும் இல்லை.

நம் நண்பர் இப்பொழுது கோலூன்றித் தெருக்கோடிவரை நடக்கிறார். தெலுங்கு பெரும்பாலும் வந்துவிட்டது. தமிழ் தடுமாறி வருகிறது. கன்னடத்தில் மகளோடு சண்டையிடுகிறார். லேத்தின் முன் நிற்க இயலாது. கருவிகளை எண்ணிக் கொடுத்து வாங்கும் வேலையை இடக்கையால் செய்ய இயலும். அவ்வேலையைக் கேட்டு அவர் சார்பில் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.