டேங்க் பண்ட்: கோரிக்கையிலிருந்து உரிமைக்கு

2021 ஆகஸ்டில் ஹைதராபாத்வாசி ஒருவர் ட்விட்டரில் ஒரு யோசனை சொன்னார்: ஞாயிறு மாலைகளில் டேங்க் பண்டில் வாகனங்களைத் தடுத்தால், குடும்பத்தோடு வருவோர் நிம்மதியாக நடக்கலாமே! அன்றைய நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர் கே.டி.ராமராவ் அதை மாநகரக் காவல் ஆணையர் அஞ்சனி குமாரின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். ஆகஸ்ட் 29 முதல், ஞாயிறுதோறும் மாலை 5 மணியிலிருந்து இரவு 10 மணிவரை அந்தச் சாலை நடப்பவர்களுக்கு என்றானது. ‘சண்டே ஃபண்டே’ என்று பெயரும் கிடைத்தது. அக்டோபரில் சார்மினாரும் இதே வழிக்கு வந்தது.

ஹைதராபாதையும் செகந்தராபாதையும் இணைக்கும் உசேன் சாகர் ஏரிக்கரை அது. மற்ற நாள்களில் சாலையைக் கடக்கவே உயிரைக் கையில் பிடிக்க வேண்டும். தடுப்பு வைத்த மாலையில் அதே தார்ச்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள். பாட்டிகள் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். ஒரு நகரம் தன் மக்களுக்குத் தர வேண்டிய மகிழ்ச்சி இதுதான்.

யோசனை குடிமகனுடையது, முடிவோ முழுக்க அதிகாரத்தில் இருந்தவர்களுடையது. ட்விட்டர் இங்கே மனுப்பெட்டியின் வேலையைத்தான் செய்தது. மேலே இருப்பவர் மனம்வைத்தால் மனு பலிக்கும். மனம்வைக்காவிட்டால்? ஏரிக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் இந்திரா பூங்கா தர்ணா சவுக்கில் கூடிப் போராட, 2017-இல் அந்த அமைச்சர் இருந்த அதே ஆட்சி தடை போட்டது. அந்த இடத்தை மீட்க மக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

கருவி யார் கையில்?

வேறொரு வழி உண்டு. ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு 2012 முதல் ‘மைன்கிராஃப்ட்’ கணினி விளையாட்டை நகர வடிவமைப்புக்குப் பயன்படுத்துகிறது. நைரோபியின் கிபேரா, நேபாளத்தின் கீர்த்திபூர், மும்பை எனப் பல இடங்களில் சிறுவர்களும் பெண்களும் முதியவர்களும் திரைமுன் கூடி, தங்கள் பூங்காவையும் சதுக்கத்தையும் கட்டம் கட்டமாக எழுப்பிப் பார்த்தார்கள். பொறியாளரின் வரைபடம் புரியாத ஒரு பெண்ணும், “இந்தச் சுவர் வேண்டாம், இருட்டினால் பயமாக இருக்கும், விளக்கை இங்கே வையுங்கள்” என்று திரையைத் தொட்டுச் சொல்லிவிட முடியும். பிறகுதான் கட்டிடக் கலைஞர் வேலையைத் தொடங்குகிறார்.

ஹைதராபாதில் தொழில்நுட்பத்துக்குப் பஞ்சமில்லை. அதை முடிவெடுக்கும் இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் பாக்கி. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு கமிட்டிகள் அமைய வேண்டும் என்கிறது 74-ஆவது அரசமைப்புத் திருத்தம். டெண்டர் விடுவதற்கு முன்பே, திட்டத்தின் முப்பரிமாண மாதிரியை அந்தக் கமிட்டிமுன் திரையிட வேண்டும். தெலுங்கிலும் உருதுவிலும் விளக்க வேண்டும். எந்த யோசனை ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் கண்ட சென்னைக்கும் இது பொருந்தும்.

டேங்க் பண்டில் விற்கும், ட்விட்டர் கணக்கு இல்லாத பஞ்சுமிட்டாய்க்காரருக்கு, அந்தக் கரையில் நிழல் எப்போது எங்கே விழும், கூட்டம் எங்கே நெரியும், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அவரைத் திரைமுன் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு வரையப்படும் கோடுதான் பொதுவெளியின் முதல் கோடு.