கல்லாங்குத்துக் குருவி

பறவை பார்ப்பதென்றால் வேடந்தாங்கலுக்குப் பஸ் ஏற வேண்டும் என்று எண்ணுவோர் நம்மில் பலர். சென்ற தை மாதம் வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

சென்னையிலிருந்து வந்த அத்தை மகனுக்குக் கோட்டையைக் காட்ட, அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குச் சென்றேன். ராஜகிரிப் படிகளில் அவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். (சென்னைக்காரர்களைக் குறை கூறவில்லை, நானுந்தான் உட்கார்ந்தேன்.) எதிரே பாறை இடுக்கில் ஒரு குருவி உண்ணிப்பழம் கொத்திக்கொண்டிருந்தது. வீட்டு முருங்கைக்கு வரும் கொண்டைக்குருவி என்றே நினைத்தேன். ஆனால் கொண்டை இல்லை. கறுப்புத் தலையும் இல்லை. தொண்டையில் மஞ்சளை அரைத்துப் பூசியது போன்ற நிறம். வால் நுனியிலும் அதே மஞ்சள்.

விலங்கியல் ஆசிரியரிடம் கூறினேன். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பிரித்துப் படம் காட்டினார். மஞ்சள்தொண்டைச் சின்னான்! 1845-இல் ஜெர்டன் என்னும் படை மருத்துவர் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்த பறவை. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளும் புதர்க்காடுகளுமே அதன் உலகம். வேறு நாடுகளில் இல்லை. அழியும் இடரில் உள்ள இனமும்கூட.

ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நம்ம கல்லுமலையில ஆடு மேய்க்கும்போது பாத்ததுதானேடா? அது கல்லுலயே கெடக்கும்" என்றார். என் பெருமை அத்துடன் தீர்ந்தது.

ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்திலும் இப்படித்தான். ஜெர்டனின் பெயரையே தாங்கிய வேறொரு பறவை 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தேவிட்டது என்று அறிஞர்கள் கைவிட்டனர். 1986-இல் மீண்டும் கண்டறிந்தபோது பார்த்தால், ஊர் மக்கள் அதற்குக் 'கலிவி கோடி' என்று பெயரே வைத்திருந்தனர்!

ஆயா கண்டது எந்த ஏட்டிலும் இல்லை. அதுதான் என் கவலை. ராஜகிரிக்குத் தொல்லியல் துறையின் காவல் உண்டு. 2025-இல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஊர்ப்புறத்துச் சிறு குன்றுகளுக்கு யார் காவல்? வருவாய்க் கணக்கில் அவை வெறும் கல்லாங்குத்து. குவாரிக்கு ஏலம் விடும் நாளில் கணக்கில் கல் இருக்கும், குருவி இராது.

வனவிலங்கு வாரந்தோறும் பேச்சுப் போட்டி வைத்துச் சோப்பு டப்பா பரிசளிக்கிறோம். அந்தக் காசில் ஒரு நீள நோட்டு வாங்கி நூலக மேசையில் வைக்கலாமே! நாள், குன்று, புதர், பறவை. அவ்வளவு எழுதினால் போதும். முதல் வரியை நான் எழுதுகிறேன். இரண்டாவதையும் நானே எழுத வேண்டும். ஆயாவுக்குக் கையெழுத்து மட்டுந்தான் போட வரும்.