மர்ம நாவலிற் பேயும் காணியுறுதியும்

அச்சமும் மர்மமும் அமானுஷ்யமும் கலந்த நாவல்களில், இறுதியிற் பேய்க்கு இயற்கையான காரணம் கூறப்படுவதைப் பெருங்குறையாகக் கொள்ளும் விமரிசகர் பலர். ஆன் றாட்கிளிவ் எழுதிய 'உடோல்போவின் மர்மங்கள்' (1794) பற்றி வோல்ற்றர் ஸ்கொட்டும் இவ்வாறே குறைபட்டார். கறுந்திரைக்குப் பின்னால் எமிலி கண்டு மூர்ச்சித்தது பிணமன்று, மெழுகுருவமே என்பது நூலின் முடிவிலேதான் வெளியாகின்றது. வாசகன் ஏமாற்றப்பட்டானாம்!

ஏமாந்தவர் விமரிசகரே. அக்கோட்டையில் உண்மையில் நிகழ்வது யாது? எமிலியின் மாமியை மணந்த மொன்டோனி, அவளது சொத்துக்களைத் தனக்கு எழுதித்தருமாறு நெருக்குகின்றான், அடைத்து வைக்கின்றான், அவள் மடிகின்றாள். அடுத்து உறுதி எமிலியின் முன் நீட்டப்படுகின்றது. கதை நிகழும் ஆண்டு 1584. ஆயினும், மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளும் உரிமையை இங்கிலாந்துச் சட்டம் பொதுவாக ஏற்றுக்கொண்டது 1882இலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. றாட்கிளிவின் வாசகியருக்குப் பேய் கற்பனை, மொன்டோனி கற்பனையல்லன். மெழுகுருவத்தை அம்பலப்படுத்தாது அவனை எங்ஙனம் காட்டுவது?

'பாஸ்கர்வில் வேட்டைநாய்' (1902) நாவலிலும் குலசாபமாகக் கருதப்பட்ட நாயின் வாயில் ஒளிர்ந்தது பொஸ்பரஸ். அதனை ஏவியவன் பரம்பரைச் சொத்தை விழைந்த உறவினன். (இதனை எழுதிய கொனன் டொயில் பிற்காலத்தில் ஆவியுலகப் பிரசாரகரானமை தனி வேடிக்கை.)

ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) இவ்விளக்கத்துக்குள் அடங்காது என்பர். மெய்தான், அங்கு பேய் பேயாகவே நிற்கின்றது. ஆயினும் அப்பிரபு தன் கோட்டைக்கு முதலில் வரவழைப்பது, இங்கிலாந்தில் வீடு வாங்கித்தரும் சட்டத்தரணியையே.